கதவை உதைக்கிறவள்

கதவு மூடியிருந்தால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்றால் முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். உதைப்பாள். மெல்பேணில், டண்டினோங்கில் நாங்கள் வேலை செய்த, துணி தோய்க்கிற லோண்டரியில், சாப்பாட்டறைக் கதவுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அவள் சேர்ந்து ஆறாவது மாதம் அதன் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. அவ்வளவும் அவளுடைய பூட்ஸ் அடையாளம்.

யூலை மாதக் குளிரில் ஹீற்றரைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஏழெட்டுப் பேர் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டு இருப்போம். படார்! கதவு போய்ச் சுவரில் அடிக்கும். ஊதல் காற்றுக்குப் பின்னால் அவள் நெடுநெடு என்று நிற்பாள், தலையில் சுற்றிய துணி சரிந்து கிடக்கும். "உள்ளுக்கு ஆர்?" என்று தமிழில் கேட்பாள்.

அந்தத் தமிழைப் பழக்கியது நாங்கள்தான். லோண்டரியில் பெண்களுக்கு இரண்டே இரண்டு கக்கூஸ், யாழ்ப்பாணத்துப் பொம்பிளைகள் மட்டும் பத்துப் பேர். கதவைத் தட்டி "உள்ளுக்கு ஆர்?" என்று கத்துவதுதான் எங்கள் வழக்கம். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மூடிய கதவு எங்கே கண்டாலும், உள்ளே இருப்பது வியட்நாமோ வெள்ளையோ, தமிழில்தான் கேட்பாள்.

சோமாலியப் பெட்டை. இருபத்துநாலு வயது இருக்கும். பெயரை எழுதமாட்டேன், அவளுக்கு அடித்தவர்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். நான் சொல்வது இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்றில் நடந்தது. நாங்கள் கதைத்தது உடைந்த இங்கிலீசில். அவளுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக உடைந்தது. இங்கே எங்கள் வீட்டுத் தமிழிலேயே அதை எழுதுகிறேன், அவளும் என் வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே இருந்தாள். அவர்களும் தோசை மாதிரி ஒன்று சுடுவார்கள். என் தோசையை முதல் நாள் கண்டதும், "இது எங்கட சாமான், எங்கயிருந்து களவெடுத்தனீங்கள்?" என்று கேட்டு மூன்றையும் தின்றுவிட்டாள், குறுக்காலபோவாள்.

கக்கூசுக்குப் போனால் அவள் கதவைப் பூட்டமாட்டாள். என்னைக் காவலுக்கு வெளியே நிறுத்துவாள். இருபது நிமிசம் செல்லும். எனக்கு எரிச்சலாக வரும். சுப்பவைசருக்கு அதைவிட எரிச்சல். கெட்டவன் இல்லை, ஆனால் மணிக்கூட்டோடு பிறந்தவன். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டான்: "ஒவ்வொருக்காலும் இருபது நிமிசம் உள்ளுக்கு என்ன செய்யிறாய்?"

அவள் தள்ளிக்கொண்டு வந்த துணி வண்டிலை விட்டாள். நேரே அவன் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள். "ஏழு வயசில, எங்கட வழக்கமெண்டு, என்னைக் கீழ வெட்டித் தைச்சவை. ஒரு தீக்குச்சி போற அளவு ஓட்டைதான் விட்டவை. மூத்திரம் சொட்டுச் சொட்டாத்தான் போகும். எழுது உன்ர கொப்பியில."

அவன் கொப்பியை மூடிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கக்கூஸ் நேரம் பார்த்தது கிடையாது. எங்களுக்கெல்லாம் ஆறுதலாக இருக்க நேரம் கிடைத்தது அவளுடைய புண்ணியத்தில்தான், அதற்காக அவளுக்கு ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மிச்சக் கதையை அவள் சொன்னது படுக்கை விரிப்பு மடிக்கும்போது. ஆஸ்பத்திரித் துணிதான் எங்களுக்கு வரும். அயன் மெசினுக்குள்ளால் விரிப்பு சுடச்சுட வெளியே வரும்போது இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று மூலைகளைப் பிடிக்கவேண்டும். உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலையோடு மூலை சேர்க்கவேண்டும். பிறகு திரும்பிப் போய் அடுத்தது. அந்த இரைச்சலில் கிட்ட வரும்போதுதான் கதை கேட்கும். ஆகவே ஒரு விரிப்புக்கு ஒரு வசனமாகச் சொன்னாள்.

"நைரோபியில ஒரு அறை." போய்விட்டு வந்தாள். "ரேடியோவைப் பெலப்பாப் போட்டவை, கலியாணப் பாட்டு." போனாள், வந்தாள். "என்ர காலைப் பிடிச்சது என்ர சொந்த அக்கா. அவவுக்கு அப்ப பன்னிரண்டு வயசு." அடுத்த விரிப்பில், மூலையை என் கையில் தரும்போது சொன்னாள்: "அந்தக் கத்துக் கத்தினன். முற்றம் நிறையச் சனம். ஒருத்தரும் வந்து கதவைத் தட்டேல்லை."

என் கையிலிருந்து விரிப்பு நழுவி நிலத்தில் விழுந்தது, சுப்பவைசர் அதைக் கண்டும் காணாதவன்போல் போனான்.

அந்தத் தமக்கை இப்போது நோபல் பார்க்கில்தான் இருந்தாள், என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. புருசன் டாக்சி ஓட்டினான். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை, முன் பல் இரண்டும் விழுந்து இடுக்கால் விசிலடிக்கிற வயது. "வாற மாசம் ஏழு முடியுது" என்று என் சிநேகிதி சொன்னபோது அவளுடைய கழுத்து நரம்பு எழும்பி நின்றது. "அதின்ர மேல ஆராவது கைவைச்சா நான் கொலை செய்வன், அக்கா. சும்மா சொல்லேல்லை. செய்வன்."

லீவு நாள்களில் அவள் தன் சனம் கூடுகிற மண்டபங்களுக்கு, ஹோல் ஹோலாகப் போய், இதைப் பற்றிப் பேசினாள். பேச்சு என்றால் பேச்சு இல்லை. லோண்டரியில் கழித்துப்போட்ட தலையணை உறை ஒன்று கொண்டுபோவாள், ஒரு சாக்கு ஊசி, கொஞ்சம் தடித்த நூல். சனத்துக்கு முன்னால் கதிரையில் இருந்து, ஒரு சொல் சொல்லாமல், அந்த உறையின் வாயைத் தைப்பாள். ஊசி ஏறும்போது துணி கிறுக் கிறுக் என்னும். ஒரு தீக்குச்சியை வைத்து அந்த அளவுக்கு ஓட்டை விட்டு முடிச்சுப் போடுவாள். பிறகு உறையின் மற்றப் பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே இரண்டு பொலித்தீன் பையை விட்டு, ஓட்டைக்கு நேரே மட்டும் அவற்றைத் துளைத்து, தைத்த வாய் கீழே இருக்கத் தூக்கிப் பிடித்து மேலால் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றுவாள். "முடியும்வரைக்கும் ஒருத்தரும் எழும்பக்கூடாது" என்பாள். கீழே வாளியில் சொட்டு, சொட்டு. பத்து நிமிசம். பதினைந்து நிமிசம். பொம்பிளைகள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

நோபல் பார்க் ஹோலுக்கு என் பழைய கொரோலாவில் நான்தான் ஏற்றிப்போனேன். சொட்டு விழத் தொடங்கி ஐந்து நிமிசம் ஆகவில்லை, பின்னால் நின்ற ஆம்பிளைகளில் ஒருவன் தங்களுடைய பாசையில் தூசணத்தால் கத்தினான். ஒரு கிழவி எழும்பி வந்து அவள் முகத்தில் துப்பினாள். அவள் துடைக்கவில்லை, உறையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். அப்போதுதான் ஒரு கதிரை பறந்து வந்தது. இரும்புக் கதிரை, கால் நேரே வாயில் பட்டது. தண்ணீரும் இரத்தமும் ஒன்றாகக் கொட்டின. நான் ஐயோ என்று கத்தினேன். அவள் உடைந்த பல்லைக் கையில் துப்பி, அதைப் பார்த்து, எறிந்தவனைப் பார்த்து, "இன்னும் முடியேல்லை, இரு!" என்றாள். இன்னொரு கிளாஸ் தண்ணீர் கேட்டாள்.

அன்று கடைசிவரை இருந்தவர்கள் பதினொரு பேர். நான் எண்ணினேன்.

திரும்பும்போது அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஹோலுக்கு வந்திருந்த தமக்கையையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிள்ளை பின் சீற்றில் விசிலடித்துக்கொண்டு வந்தது. தமக்கை சாந்தமான மனுசி. றோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "தங்கச்சிக்கு விசர். பள்ளிக்கூட லீவுக்கு நாங்கள் நைரோபி போறம். மாமியார் எல்லாம் ஒழுங்கு செய்திட்டா. ஒரு காலமை வேலை. பிள்ளை சுத்தமாத் திரும்பி வரும்."

நான் தலையாட்டினேன். ஓம், தலையாட்டினேன். பின்னால் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் விரிப்பு மடிக்கும்போது அவளிடம் சொன்னேன். அவள் அந்த விரிப்பை நடுவால் கிழித்துப்போட்டாள், ஆஸ்பத்திரித் துணி, எவ்வளவு தடிப்பு தெரியுமா?

இதற்கிடையில் என் மகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். மெல்பேணுக்கு வந்தாலும் எங்கள் சனம் இதை விடுமா? மூன்று நாள் பள்ளிக்கூடம் இல்லை, அறைக்குள் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வார்க்க வேண்டும், பின்னேரம் ஹோலில் சாமத்தியச் சடங்கு. தண்ணீர் வார்க்க என் மச்சாள் வந்தாள், மகளுக்குச் சொந்த மாமி. அவள் வீடு கிளென் வேவர்லியில், நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவள் ஒரு கதையையும் தொடங்கமாட்டாள்.

பொம்பிளைகள் எல்லாரும் வந்து சேர்ந்த நேரத்தில் லோண்டரியிலிருந்து என் சிநேகிதி போன் அடித்தாள். "ஏன் அக்கா வேலைக்கு வரேல்லை?"

எனக்கு ஆயிரம் வேலை. இருந்த இங்கிலீசில் அவசரமாகச் சொன்னேன்: "மகளுக்கு இரத்தம். மூண்டு நாளா அறைக்குள்ள. இப்ப பொம்பிளையள் வந்திட்டினம், கதவைச் சாத்தப்போறம், மச்சாள்தான் செய்யிறா. பின்னேரம் பெரிய பார்ட்டி, சீலை, நகை. நீயும் வா, சாப்பாடு இருக்கு."

இப்போது எழுதும்போது எனக்கே உடம்பு கூசுகிறது. அன்று ஒன்றும் உறைக்கவில்லை. போனை வைத்துவிட்டு நாதஸ்வர சீடியைப் பெலப்பாகப் போட்டேன்.

டண்டினோங்கிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிசம். ஏழு நிமிசத்தில் வந்திருப்பாள். குளியலறையில் மகளைப் பழைய சட்டையோடு ஸ்ரூலில் இருத்தி, தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து, மச்சாள் செம்பைத் தூக்கினாள். முன்கதவு உடைந்த சத்தம் நாதஸ்வரத்துக்கு மேலால் கேட்டது. "உள்ளுக்கு ஆர்? உள்ளுக்கு ஆர்?" அப்படியொரு குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அடுத்த உதை குளியலறைக் கதவுக்கு. கதவு மச்சாளின் முதுகில் அடித்தது. அவள் செம்போடு போய்த் தொட்டியில் விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. பெட்டை யாரையும் பார்க்கவில்லை. மகளை அள்ளிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

புல்லில் முழங்காலில் இருந்து பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "வெட்டிப்போட்டினமோ?"

"இல்லை அன்ரி" என்றாள் மகள், தலையில் அறுகம்புல்லோடு. "சும்மா தண்ணிதான் ஊத்தப் போனவை."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "உன்னட்டை ஆராவது கேட்டவையோ, விருப்பமோ எண்டு?"

மகள் என்னைப் பார்த்தாள். "இல்லை."

நான் போய் அவளுக்கு அறைந்தேன். பல் போன பக்கக் கன்னத்தில். "நாங்கள் உங்களை மாதிரி மிருகங்கள் இல்லையடி!" என்று பக்கத்து வீடுகளுக்குக் கேட்கக் கத்தினேன். அவள் திருப்பி அடிக்கவில்லை. எத்தனை பேரைத் திருப்பி அடித்தவள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு றோட்டால் நடந்து போனாள்.

மச்சாள் விடவில்லை, பொலிசுக்கு அறிவித்தாள். இரண்டு பேர் வந்து வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதினார்கள். எங்கள் பின்னறையில் என் தம்பி இருந்தான். அதற்கு முந்தின வருசம் படகில் வந்தவன், தற்காலிக விசா, அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. தன் பெயரைச் சொல்லும்போது அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்று நாள் சாப்பிடவில்லை. இனிப் பொலிஸ் இந்த வாசலுக்கு வரவே கூடாது என்று நான் நேர்த்தி வைத்தேன், த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை என் கதவை யாரோ தட்டினார்கள், விரல் மடக்கி, மெல்ல. திறந்தால் அவள். உதைத்தே நான் கண்டவள், அன்று தட்டினாள்.

"இண்டைக்குப் பின்னேரம் பிளேன்" என்றாள். "பதினொரு மணிக்கு வீட்டிலயிருந்து வெளிக்கிடீனம். பொலிசுக்குப் போனனான். கம்பியூட்டரில என்ர பெயரைப் போட்டா உங்கட வீட்டுக் கேஸ் வருது. கதவு உடைக்கிற விசரி சொல்லுறதை ஆர் நம்புவினம்? என்ர அக்கா தன்ர வாயால சொன்னதைக் காதால கேட்டது நீ ஒருத்திதான். ஒரு வசனம் சொல்லு. வந்து ஒரே ஒரு வசனம்."

உள்ளே தம்பி இருமினான்.

"என்னால ஏலாது" என்றேன். "எனக்கும் ஒரு குடும்பம் இருக்கு. போ."

கதவைச் சாத்தினேன். பூட்டையும் திருப்பினேன். உதை விழும் என்று முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. படியிறங்கிப் போகிற சத்தம்தான் கேட்டது.

திரும்பினால் குசினி வாசலில் மகள். இங்கிலீசில்தான் சொன்னாள்: "அவ எனக்காக வந்தவ, அம்மா. உதவிக்கெண்டு ஒருத்தரும் அவவைக் கூப்பிடேல்லை."

நான் குசினிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லாமல் அடுப்பைத் துடைத்தேன். தம்பி அறையிலிருந்து வெளியே வந்து என் கார்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தான். "போ, அக்கா" என்றான். "என்ர பயத்துக்கு இன்னொரு பிள்ளையைக் குடுக்காத." அப்போதுதான் வெளிக்கிட்டேன். எல்லாமாக இருபது நிமிசம் வீணாகப் போயிருந்தது.

நாலு தெரு. நான் போய்ச் சேர்ந்தபோது டாக்சி வாசலில் ஸ்ரார்ட்டில் நின்றது. பின் சீற்றில் தமக்கையும் பிள்ளையும். என் சிநேகிதி திறந்திருந்த பின்கதவில் தொங்கிக்கொண்டு நின்றாள். தமக்கை உள்ளிருந்து கதவை இழுத்தாள். அவள் வலது கையை இடுக்கில் வைத்தாள். தவறிப் படவில்லை, வைத்தாள், நான் என் கண்ணால் கண்டேன். கதவு கையில் அடித்தது. கையை எடுக்கவில்லை. தமக்கை மறுபடியும் இழுத்தாள். எலும்பு முறிகிற சத்தம் றோட்டுக்குக் கேட்டது.

பிள்ளை வீரிட்டுக் கத்தியது. அந்தக் கத்தலோடு தமக்கை கைப்பிடியை விட்டுவிட்டாள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்தக் கைகள் முன்பு எதைப் பிடித்திருந்தன என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

புருசன் விடவில்லை. இறங்கிச் சுற்றி வந்து, வெளியிலிருந்து முழுப் பலத்தோடு அடித்துச் சாத்தினான். கதவு மூடவில்லை. அவளுடைய கை நடுவில் இருந்தது. கண்ணாடியில் இரத்தம் சீறியது. அவள் கத்தவேயில்லை. உடைந்த பல்லைக் காட்டிக்கொண்டு, "மூடு பாப்பம். மூடு" என்றாள்.

நான் ஓடிப்போய் என் முழு உடம்பாலும் அவனை இடித்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவன் என் வயிற்றில் உதைத்தான், தலைமயிரைப் பிடித்து றோட்டில் இடித்தான். பக்கத்து வீட்டுக் கிழவன் போன் செய்து பொலிஸ் வந்தது. வாயில் இரத்தத்தோடு அந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். காரில் வைத்துத் தமக்கை என்ன சொன்னாள் என்பதை, சொல்லுக்குச் சொல்.

ஒரு வசனம்தான். சொல்ல அரை நிமிசமும் ஆகவில்லை.

பிள்ளையின் பாஸ்போட்டை நீதிமன்றம் வாங்கி வைத்துக்கொண்டது. பிள்ளை போகவில்லை. என் தம்பிக்கும் ஒன்றும் நடக்கவில்லை. சனியன், ஒன்றுமே நடக்கவில்லை! ஒருவரும் அவனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருக்கும். அவளுக்கு இரண்டு விரல் போய்விட்டன, மூன்றாவது மடங்காது. விரிப்பு மடிக்க ஏலாமல் வேலையும் போனது. இடக்கையால் சாக்கு ஊசி பிடிக்கப் பழகி, அடுத்த வருசம் சிட்னிக்குப் போய்விட்டாள், அங்கேயும் ஹோல்கள் இருக்கின்றனவாம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஒப்பரேசனுக்கு அடுத்த நாள். நான் ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்றேன், உள்ளே போக முகமில்லை. அவள்தான் கண்டாள். "பிள்ளை எங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்டைக்கு ஏன் என்ர கதவை உதைக்கேல்லை?" என்று கேட்டேன். "உதைச்சிருந்தா நான் வந்திருப்பன்."

"உள்ளுக்கு ஆர் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "பூட்டினதும் நீதானே, அக்கா. சத்தம் கேட்டது."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பதுபோல் சொன்னாள். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கட்டில் விரிப்பும் எங்கள் லோண்டரித் துணிதான், மூலையில் முத்திரை இருந்தது.

கட்டு மாற்ற நேர்ஸ் ஒருத்தி வண்டிலோடு வந்தாள். வந்தவள் வழக்கப்படி அறைக் கதவைப் பின்னால் தள்ளிச் சாத்தப் போனாள். கட்டிலில் அவளுடைய உடம்பு விறைத்ததைக் கண்டேன். எழும்பி ஓடிப்போய் இடுக்கில் காலை வைத்தேன். பாரமான கதவு, வந்து என் செருப்புக் காலில் இடித்தது. நேர்ஸ் என்னவோ சொன்னாள், சாத்தவேண்டும் என்றாள், நோவாதா என்றாள்.

நொந்தது. நான் காலை எடுக்கவில்லை.